வெள்ளம் வடிந்ததும் பிடித்த தண்ணீர்

ஆற்றை ஒட்டிய தெருக்களில் அவளைப் பாட்டிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுவீடாகப் போய் போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது வேலை. குழாயில் தேங்கியது வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிப் பிடிக்க வேண்டும். கோடையில் பிடித்தால் அழுகிய முட்டை வாடை கையோடு வீட்டுக்கு வந்துவிடும். "கையைக் கழுவிட்டு சோத்தைத் தொடு" என்பான் புருஷன். கழுவினாலும் போகாது.

வெள்ளம் வடிந்த கையோடு அக்கா போன் செய்தாள்.

"உடனே வந்து எங்க வீட்டுத் தண்ணியப் பிடிச்சுட்டுப் போடி. கீழ் போர்ஷனுக்கு ஆள் வருது. கைக்குழந்தைக்காரங்க, ரிப்போர்ட் கேக்கறாங்க."

"கோடையில எடுக்கலாமேக்கா."

"எங்கிட்டயேவா? வெள்ளம் வந்தா போர்த் தண்ணி தெளிஞ்சுடும்னு நீதானே சொன்ன!"

சொன்னவள் அவள்தான். மீதியையும் சொல்லியிருந்தாள். வெள்ளம் மண்ணுக்குள் இறங்கி அழுக்கை நீர்க்க வைக்கும், அவ்வளவுதான். சாயப்பட்டறைகள் காலங்காலமாக விட்ட கழிவு ஆற்றோரச் சேற்றிலேயே கிடக்கும். ஆறு வற்ற வற்ற உப்பும் இரும்பும் மறுபடி நிலத்தடி நீரில் ஏறும். அக்காவின் காது முதல் பாதியோடு அடைத்துக்கொண்டது.

பிடித்தாள். தண்ணீர் ஆய்வில் தேறியது. ரிப்போர்ட்டில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் உறுத்தியது.

குழந்தையின் அம்மா வீடு பார்க்க வந்த அன்று, அக்கா தங்கையையும் வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். குழாயைத் திறந்தாள். "பாருங்க, கண்ணாடியாட்டம்! இவ என் கூடப்பிறந்தவ. தண்ணி டெஸ்ட் பண்ற இடத்துலதான் வேலை."

அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவளிடம் கேட்டாள். "இவனுக்குப் பால் கலக்க இதையே எடுத்துக்கலாமாக்கா?"

அக்கா தங்கையின் முழங்கையைக் கிள்ளினாள். நகம் பதிந்தது.

"இன்னிக்கு எடுத்துக்கலாம்மா. வெயில் ஏறிட்டா வாயில வைக்க முடியாது, பக்கெட்டுல துரு நிறத்துல ஆடை கட்டும். எங்கக்கா வருஷம் பூரா கேன் தண்ணிதான் குடிக்கறா. மேல அடுப்படியில இருக்கு, போய்ப் பாருங்க."

அந்தப் பெண் மேலே போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நீயெல்லாம் ஒரு தங்கச்சியா? என் வீட்டுல நின்னுகிட்டே எனக்கு வேட்டு வைக்கற!"

"குழந்தை குடிக்கற தண்ணியாச்சே, அக்கா."

"ஊர்க் குழந்தைக்கெல்லாம் நீதான் பெத்தவளா? போ, அடுத்த ஆள் வந்தா உன்னைக் கூப்பிட மாட்டேன். ரிப்போர்ட்தான் கையில இருக்கே."

அவள் கையால் பிடித்த தண்ணீரின் ரிப்போர்ட். அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. தெருவுக்கு வந்துதான் துப்பினாள்.