கீழே கிடந்து வெல்பவர்

இன்று காலை ஸ்ரீல்ஸ் வீதி பஸ்சில், ஜப்பான் எம்எம்ஏ (கலப்புச் சண்டை) வீரர் ஒருவரின் பழைய சண்டையை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் அம்மா வயதில் ஓர் அன்ரி. காலில் தொழிற்சாலைச் சப்பாத்து, மணிக்கட்டில் கட்டு. எட்டிப் பார்த்தார்.

“தம்பி, உவன் ஏன் கீழ கிடந்து அடி வாங்கிறான்?”

“அதுதான் அன்ரி அவற்ற ஸ்ரைல். தன்னைவிடப் பெரிய ஆக்களோடதான் மோதுவார். மேல இருக்கிறவன் அவசரப்பட்டுக் கையை நீட்டுமட்டும் பொறுத்திருப்பார். நீட்டினால் அந்தக் கை இவருக்கு. முறியிற மாதிரி மடக்கிப் பூட்டினால் வெற்றி.”

“நீட்டாட்டி?”

“தோல்விதான். மேல இருக்கிறவனுக்குத்தான் நடுவர்மார் புள்ளி போடுவினம். கனக்கத் தோத்திருக்கிறார்.”

“அங்கயும் உப்பிடித்தானோ?” என்று சிரித்தார்.

பிறகுதான் சொன்னார். வேலையிடத்தில் பெட்டி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி சூப்பர்வைசர் நெருக்குகிறான். மறுத்தால் வேலை இல்லையாம். வருடக்கணக்காகத் ‘தற்காலிகமாகவே’ வைத்து உழைப்பை உறிஞ்சிவிட்டு, இப்போது அவனுக்காகப் பொய்யும் சொல்ல வேண்டுமாம். இன்று அவனோடு பேச்சு.

திரையில் எதிராளி கையை நீட்டினான். ஜப்பான்காரர் கால்களால் அதை மடக்கினார். அன்ரி கட்டில்லாத கையால் என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

இறங்கும் முன் தன் ஃபோனை நீட்டி, குரல் பதிவுக்கு எதை அமத்த வேண்டும் என்று கேட்டார்.

“முழுக்க அவனே கதைக்கட்டும். நான் பேசாமல் கீழ கிடக்கிறன்.”

ஜப்பான்காரர் ஓய்வு பெற்றுக் கனகாலம். அன்ரிக்கு இன்றுதான் முதல் சண்டை.

அந்த சூப்பர்வைசரைத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து அவனை எச்சரித்துவிடாதீர்கள்.