கொல்லைப்பக்கம் வந்தவர்கள்

அன்றைக்கு அந்த அக்காவைப் பேசச் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன தேர்தலில் எங்கள் ஊர் வயல்கூலிப் பெண்களின் ஓட்டு எங்கள் கட்சிக்கு விழவில்லை. ஒரு காலத்தில் அவர்களுடைய கட்சி என்றே பெயர் எடுத்த கட்சி. அவர்களை மறுபடி எப்படிச் சேர்ப்பது என்று கட்சிப் பொறுப்பாளர்கள் காரைக்காலில் கூடிப் பேசி, கிளைக்கு ஒரு மகளிர் கூட்டம் என்று முடிவு செய்தார்கள். எங்கள் கிளைச் செயலாளர் என் மாமனார். அம்பகரத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. "நீ படிச்ச பொண்ணு, நீ கூப்பிட்டா வருவாளுவ" என்றார் மாமா. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வாசலில் பந்தல், வாடகை நாற்காலி, கொடி. நாலரை ஆகியும் ஒருவரும் வரவில்லை. காரைக்காலிலிருந்து வந்த பேச்சாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பால் ஆற்ற அடுப்படிக்குப் போனேன். கொல்லையில் பேச்சுச் சத்தம். மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பத்துப் பதினைந்து பேர், நான்கு மணியிலிருந்தே நிற்கிறார்கள்.

"நாத்துப் பறியா, களையாம்மா? எத்தன ஆளு வேணும்?"

"கூட்டம்னு சொன்னேனேக்கா. வாசப்பக்கம் வாங்க."

"ஒங்க வீட்டுல எங்களுக்கு இதாம்மா வாசப்பக்கம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கூடத்து வழியாக வர மறுத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். "என்ன கொறையோ தைரியமா சொல்லுங்க" என்றார் பேச்சாளர். பக்கத்து நாற்காலியில் மாமா. யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கெட்டுவிடுமே என்று எனக்குப் பதற்றம். வாசப்பக்கத்தைப் பற்றிச் சொன்ன அந்த அக்காவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கக்கா, பயப்படாதீங்க" என்றேன்.

"பயம் என்னம்மா. பக்கத்து ஊர்ல குடுக்குற கூலிய இங்கயும் குடுக்கச் சொல்லுங்க. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சித்த முன்னாடி வயல விட்டுக் கரையேறுனா அரை ஆளுன்னு பாதிக் கூலியக் கழிச்சிர்றாங்க. கட்சிக்கிட்ட சொல்லலாம்னா, கட்சியே எதுக்க ஒக்காந்திருக்கு."

பேச்சாளர் கைதட்டினார். மாமாவும் சிரித்தார். "நல்ல வாயி" என்றார்.

அடுத்த வாரம் களைக்கு ஆள் சொன்னபோது அந்த அக்கா மட்டும் இல்லை. "ஆளு போதும்மா" என்றார் மாமா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குழந்தை அழுததைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டேன். பிறகு மற்ற நிலக்காரர்களும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது காலையில் பஸ் பிடித்துக் காரைக்காலுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்தால், "புள்ள நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்கிறார்.

கூட்ட அறிக்கையை எழுதியதும் நான்தான். 'வயல்கூலிப் பெண் ஒருவர் மனம்விட்டுப் பேசினார்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாருக்கும் எழுதவில்லை.

அறிக்கை காரைக்கால் கட்சிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாதப் பெரிய கூட்டத்தில் அந்த அக்காவை மேடையேற்ற வேண்டுமாம். "அவங்கள மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும், கூட்டிட்டு வந்துருங்க" என்று என்னிடம் போனில் சொன்னார்கள். கூப்பிட்டால் வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பேசிவிட்டு இதே ஊருக்குத்தான் அவர் திரும்ப வேண்டும். கூப்பிடாவிட்டால், அவர் வாயை அடைத்தவர்களில் நானும் ஒருத்தி. எதைச் செய்தாலும் அவருக்கு வயல்வேலை திரும்பக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் யாராவது இப்படி ஒரு வீட்டில் மருமகளாக இருந்திருந்தால் சொல்லுங்கள். நான் அவரைக் கூப்பிடட்டுமா, வேண்டாமா?