கதவில் ஒரு வெள்ளைப் புள்ளி

என் வீட்டு வாசல் கதவை வீரம்மாளிடம் ஒப்படைத்தபோது தெருவே சிரித்தது. "பொம்பளையா பாலிஷ் போடப்போறா?" என்று கேட்டவர்களிடம், "ஏன், கதவு ஆம்பளைக்கு மட்டும்தான் தொறக்குமா?" என்றேன். இந்த அமீர் நிஷாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

வீரம்மாள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் பல வருஷம் பொம்மைகளின் கீறலையும் குழியையும் களிமண்ணால் அடைத்துச் சீர் செய்தவள். பிறகு தச்சுவேலை வளவனிடம் பாலிஷ் போடக் கூடமாட நின்றாள். தனியாக எடுத்த முதல் வேலை என் கதவுதான்.

"இது நல்லா வந்தா, நான் செய்யற கதவுக்கெல்லாம் இனிமே நீதான் பாலிஷ். வரலன்னா திரும்ப மண்ணு பெசயப் போ" என்று வளவன் என் முன்னாலேயே சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பேச்ச மாத்திடாதீங்க மேஸ்திரி" என்றாள்.

தேக்குக் கதவில் ஆணி ஓட்டைகளும் சின்னச் சின்னக் குழிகளும் இருந்தன. பட்டறையிலிருந்து மாவு போன்ற வெள்ளை மண் கொண்டுவந்து குழைத்து எல்லாவற்றையும் அடைத்தாள். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தாள். "கலர் ஏத்தினா மறைஞ்சிடும் பாயம்மா. பொம்மையில எத்தன குழிய மறைச்சிருக்கேன்!"

மறுநாள் கலர் ஏற்றினாள். மரம் குடித்துச் சிவந்தது, மண் மட்டும் வெளுப்பாகவே நின்றது.

"யா அல்லாஹ்! என் கதவுக்கு அம்மை போட்டுடுச்சே!" என்று கத்தினேன். வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வருகிறார். ராப்பகலாக உழைத்துக் கட்டிய வீட்டை போனில் மட்டுமே பார்த்த மனுஷன். அவர் முகத்தில் எப்படி முழிப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீரம்மாள் அழவில்லை. ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "பொம்மைக்கு ஊத்தற பூச்சு மேல மூடிக்கும். இந்தக் கலரு மூடல, மரத்துக்குள்ள ஊறுது. மண்ணுல ஊற மாட்டேங்குது. புரிஞ்சிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன், நீங்க டீ போடுங்க."

கோணி ஊசியால் மண்ணைத் தோண்டி எடுத்தாள். கதவை மறுபடி தேய்த்து, உதிர்ந்த தூளைப் பேப்பரில் சேர்த்தாள். அதோடு அரக்கும் துளி கலர்ப்பொடியும் கலந்து, யார் கண்ணிலும் படாத கதவின் தலைப்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கறுத்துப்போனது. பொடியைக் குறைத்தாள், ஒத்துப்போனது. குழிகளில் சற்று மேடாகவே அடைத்து, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்துக் கலர் ஏற்றினாள். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்பக்கம் அடியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இத மறந்துட்டியேக்கா!"

"மறக்கல, வேணும்னே வுட்டேன். இல்லன்னா ஓட்டையே இல்லாத மரம்னு சொல்லிடுவாங்க. மேஸ்திரி பாக்கட்டும், அப்பறம் அடைச்சிடறேன்."

"ஒன் பெருமைக்கு என் கதவுதான் கெடச்சுதா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கதவைத் தடவினார். "பரவாயில்லையே, ஒரு குழிகூட இல்லாத பலகையா பாத்து எடுத்திருக்கியே."

எனக்கு வந்ததே கோபம்! கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து அந்தப் புள்ளியைக் காட்டினேன். "கதவு பூரா இப்படித்தான் இருந்துச்சு. மத்தத கண்டுபிடிங்க பாப்போம்." பிரியாணி ஆறும்வரை தேடினார்.

சாயங்காலம் வளவனும் வந்து தேடினார். தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லூர்ல ஒரு வூடு முடிஞ்சிருக்குது. எட்டுக் கதவு. காலையில வந்துடு வீரம்மா."

அவள் முகம் மலர்ந்த அழகைச் சொல்லி மாளாது. உடனே அரக்கு டப்பாவைத் திறந்தாள். "இருங்க மேஸ்திரி, பாயம்மாவோட அந்த ஒண்ண அடைச்சிட்டு வரேன்."

நான் குறுக்கே போய் நின்றேன்.

"கைய வெச்ச, அவ்ளோதான்! அன்னிக்கு சிரிச்ச தெரு பூரா நாளைக்கு பாக்க வரும். நான் காட்ட வேணாமா?"