சுருக்கப்பட்ட வயலின்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொரு மணிக்கு வயலின் அக்காவை முதன்முதலில் பார்த்தேன். மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போயிருந்தேன். அவர் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே திறந்துக்கோங்க தம்பி. என் விரலுக்கு இப்போ சாவியோட மல்லுக்கட்ட முடியாது."

மூட்டுவாதம் இரு கை விரல்களையும் முடக்கியிருந்தது. அதற்கு முன் அவர் பல்லாண்டுகள் மேடைகளில் பிறர் பாட்டுக்குத் துணையாக வாசித்தவர். தனியாக வாசித்ததெல்லாம் அந்த வீட்டின் முன்னறையில்தான். கதவு சன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கக் கணவர் அவற்றைப் பதிவு செய்திருந்தார். அந்த ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. அதற்கு முன்பே அவற்றின் ஒலியை அவர் கணினிக்கு மாற்றிவைத்திருந்தார். அளவில் பாதியாகச் சுருக்கினாலும் ஒலியில் எதையும் இழக்காத வகைக் கோப்புகள் அவை.

கணவர் ஓர் இசையரங்கில் ஒலிப்பொறியாளர். உரக்கப் பேசுவார். தெருவில் அவருக்கு 'லவுட் ஸ்பீக்கர்' என்று பெயர். "வீட்டுக்குள்ளயும் கடைசி வரிசைக்குக் கேக்கிற மாதிரியே பேசுவாரு" என்பார் அக்கா. தொழிலில் ஊறிய பழக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

நான் குடியேறிய மூன்றாம் ஆண்டில் ஒரு சிறிய இசை நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. துணை வாசிப்பாளர்களின் தனி வாசிப்பைத் தொகுத்து வெளியிடப் போகிறார்களாம். அக்காவின் பதிவுகள் வேண்டுமாம். வாடகை கொடுக்க இறங்கிய என்னைப் பிடித்து உட்காரவைத்து அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"ஆயுசு பூரா பின்னாடியே உக்காந்திருந்தேன் தம்பி. இப்பத்தான் முன்னாடி வான்னு கூப்பிடுறாங்க."

கணவர் கணினியைத் திறந்து பதிவை ஓடவிட்டார். வாசிப்பு தொடங்கிய சற்று நேரத்திலேயே அக்காவின் முகம் மாறியது.

"என்னங்க இது? தண்ணிக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. வில்லு உரசுற சத்தமே காணோம்!"

"உன் பிரமை. பேரன் வீடியோவுக்கு இடம் பத்தலன்னு போன மாசம் எல்லாத்தையும் இன்னும் சுருக்கினேன். மனுஷக் காதுக்குக் கேக்காததை மட்டும்தான் அது எடுத்துடும். நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டுப் பாத்துட்டுத்தான் பழசை அழிச்சேன். ஒரு இம்மி வித்தியாசம் இல்லை."

"இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி வச்சிருந்தீங்களே?"

"அதுலயும்தான் சுருக்கினேன். எல்லாம் ஒரே ஒழுங்கா இருக்கட்டும்னு."

அக்கா மறுமொழி சொல்வதற்குள், மாத்திரை வேளையை நினைவூட்டும் சிறு கடிகாரம் மேசைமேல் கீச்சிடத் தொடங்கியது. மாடிப்படி வரை கேட்கும் ஒலி அது. கணவரின் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது. அவர் திரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். அக்கா அதை நிறுத்தவில்லை, அவரையே பார்த்தார்.

"மணி அடிக்குதுங்க."

"எங்க? வாசல்லயா?"

அக்கா கடிகாரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதன் அதிர்வு பட்டதும் அவர் கையை உதறினார். எத்தனையோ ஆண்டுகள் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் நின்ற காது அது. வில் உரசல் போன்ற கீச்சொலிகளை அது எப்போதோ கைவிட்டிருந்தது. அந்தக் காதை நம்பித்தான் அவர் சோதனை செய்திருந்தார்.

"மனுஷக் காதுன்னீங்களே, யாரோட காது?" என்று அக்கா கேட்டார்.

"போதும் நிறுத்து! இருபது வருஷமா அரங்கமே என் காதை நம்பித்தான் நடக்குது."

அவர் அந்தக் கோப்புகளையே அனுப்பினார். 'இவை மிகவும் சுருக்கப்பட்டவை. மூலத்தை அனுப்புங்கள்' என்று மறுமொழி வந்தது. அப்போது அவர் செய்த காரியம், தொழில் தெரிந்த எவரும் செய்யத் துணியாதது. மெலிந்த கோப்புகளை மறுபடி பெரிய வகைக்கு மாற்றினார். அளவு பல மடங்கு ஊதியது. உதிர்ந்துபோன ஒலி எங்கிருந்து திரும்பும்? அதையே மூலம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அடுத்த கடிதம் நேராக அக்காவுக்கு வந்தது. 'இவை மூலமல்ல, ஊதப்பட்டவை. காதுள்ள எவரும் இப்படி அனுப்பமாட்டார். உங்கள் ஒலிப்பொறியாளர் யார்?' என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அரங்கத்துக்குச் செய்தி எட்ட ஒரு தொலைபேசி அழைப்பே போதும். அவர் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் அவருடையது மட்டுமே.

அக்கா என்னைக் கீழே அழைத்தார். "தட்டச்சு பண்ண விரல் வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இலக்கணமா இருக்கட்டும்" என்றார். கணவர் சன்னலைப் பார்த்து நின்றிருந்தார்.

"பதிவுகளைச் சுருக்கியதும் ஊதியதும் நானே. கணினி சரியாகத் தெரியாமல் செய்துவிட்டேன். என் கணவருக்கு இதில் தொடர்பில்லை. என்னைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடவும்."

"அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதுங்க தம்பி. விரலும் போச்சு, வாசிச்சதும் போச்சு. சோறாவது இருக்கட்டும்."

கணவர் திரும்பவில்லை. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அக்காவின் குரல் கீச்சுக்குரல் அன்று.

தொகுப்பு அடுத்த ஆண்டு அக்கா இல்லாமல் வெளியானது. வீட்டுக்கு வரும் விருந்தினர்கள் விசாரிப்பார்கள். முதல் முறை கணவர் தடுமாறித்தான் சொன்னார். போகப் போக அது அவருக்குச் சரளமாகிவிட்டது.

"அதை ஏன் கேக்குறீங்க! நான் பத்திரமா வச்சிருந்தேன். நம்ம அம்மணி கம்ப்யூட்டர்ல கை வச்சாங்க, அவ்வளவுதான், மொத்தமும் காலி!"

விருந்தினர் சிரிப்பார்கள். அக்கா காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவார். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல் பின்னாலேயே போனேன். "விடுங்க தம்பி, அவருக்கு அதுவே இப்போ நெசமாயிடுச்சு" என்றார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே கணவர் காதுக் கருவி வாங்கிக்கொண்டார். மறைக்க வேண்டியது எதுவும் அதற்குப் பின் இல்லை. எந்த நாளிலும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அக்கா உயிரோடு இருந்தார். "நான்தான் அழித்தேன்" என்ற ஒரே வாக்கியம் அக்காவுக்கு வரவேண்டியிருந்தது. அதை அவர் கணவரிடம் கடைசி வரை கேட்கவே இல்லை.