ராமுத்தாய் தலைமாட்டு விளக்கு

ஒரு பொருள் ஒருவனுக்கு எப்போது சொந்தமாகிறது? விலை கொடுத்து வாங்கிய அன்றா, அது எப்படி இயங்குகிறது என்று புரிந்த அன்றா? பெத்தணனின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் இதை ஒருபோதும் கேட்டிருக்க மாட்டார். கேள்விகளை யோசிக்கிற ஆள் அல்ல அவர். கையில் திருப்புளியோடு போய் அவற்றின் மேல் இடித்துக்கொள்கிற ஆள்.

தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊர். அப்பா விட்டுப்போன கரிசல் காட்டை அண்ணன் உக்கிரபாண்டி பார்த்துக்கொண்டார். பெத்தணனுக்குக் காட்டில் கால் பொருந்தவில்லை. சில வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செய்யும் இடத்தில் மேற்பார்வை பார்த்தார். பிறகு சிவகாசி அச்சகம் ஒன்றுக்காகக் காலண்டர் ஆர்டர் எடுக்கும் ஏஜெண்டானார். ஆடி பிறந்தால் சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடையேற வேண்டும். கூடவே மத்தாப்புப் பெட்டிகளும் சாம்பிளுக்குப் போகும். சீசன் முடிந்து வீடு திரும்பும்போது லாட்ஜ் மூட்டைப்பூச்சிகள் கடித்த தடம் முதுகெல்லாம் இருக்கும். மனைவி ராமுத்தாய் அவ்வளவு மாதமும் கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியே கதியென்று கிடப்பாள்.

இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தாக, 1958இல், மதுரையில் கழித்துக் கட்டிய ராணுவ வேன் ஒன்றை வாங்கினார் பெத்தணன். சாத்தூர் ஆசாரி ஒருவர் அதன் பின்பக்கம் தேக்கிலும் வேம்பிலும் ஓர் அறை கட்டிக் கொடுத்தார். இரண்டு பேர் படுக்கப் பலகை, சாம்பிள் வைக்க அலமாரி, ஒரு சன்னல். ஊரே வந்து எட்டிப் பார்த்தது.

ராமுத்தாய் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இருட்டுப் பெட்டிக்குள்ள நான் படுக்க மாட்டேன். கள்ளனுக்குப் பயமில்ல எனக்கு, இருட்டுக்குத்தான் பயம்."

அரிக்கேன் விளக்கு வைக்க முடியாது. மத்தாப்பு இருக்கிற அறைக்குள் தீயைக் கொண்டுபோகக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற விஷயம். ஆகவே மின்சார விளக்கு வேண்டும். அதற்குப் பேட்டரி இருக்கிறது, கம்பி இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தார் பெத்தணன்.

உக்கிரபாண்டி கிணற்றடியில் வைத்தே தீர்ப்புச் சொல்லியிருந்தார். "ஏலே பெத்தணா, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு இதுல போ. தன்னால போயிட்டுத் தன்னால வீடு வந்து சேந்தா வச்சுக்கோ. மாட்டைக் கட்டி இழுக்குற மாதிரி ஆச்சுன்னா, வித்துப்புட்டுக் காட்டு வேலையைப் பாரு. உம் பொண்டாட்டியும் நாடோடியா அலைய வேண்டாம்."

"சரிண்ணே" என்றார் பெத்தணன். சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பம் இல்லை அது.

விளக்கு எரியவில்லை. முன்விளக்குக்கு எத்தனை கம்பி போகிறது என்று குனிந்து பார்த்தார், ஒன்றுதான். ஹாரனுக்கும் ஒன்றுதான். அதேபோலத் தன் விளக்குக்கும் ஒரு கம்பி இழுத்தார். எரியவில்லை. பல்பை மாற்றினார். கம்பியைத் தடிமனாக்கினார். மெக்கானிக் பலவேசம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சின்னா சொல்லுங்க, இந்தக் கரண்ட் சமாச்சாரம் நமக்கு ஆகாது" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

பெத்தணன் மனத்தில் இருந்தது திரி. திரியின் ஒரு முனையில் பற்றவைத்தால் தீ நடந்து நடந்து மறுமுனைக்குப் போய் வெடிக்கும், வேலை முடிந்தது. தீ திரும்பி வருவதில்லை. மின்சாரமும் அப்படித்தான் போகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றவில்லை. புதியதை நாம் பழையதன் வழியாகத்தான் பார்க்கிறோம். அவரிடம் இருந்த பழையது பட்டாசுத் திரி.

விளக்கைத் திட்டிக்கொண்டிருந்த அவரிடம் ராமுத்தாய் கம்பங்கூழ்ச் செம்பை நீட்டினாள்.

"கம்பி இவ்வளவு கனமா இருக்கு, அங்கன வரைக்கும் போகுது, அப்பவும் எரிய மாட்டேங்குது" என்றார்.

"அது எப்படி எரியும்னு நெனைக்கீக?"

"திரி மாதிரிதான். இந்தப் பக்கம் கெளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேரும்."

"திரின்னா எரிஞ்சு தீந்து போகும்ல? முன்விளக்குக் கம்பி எம்புட்டு வருசமா எரியுது. ஒரு சாணு கொறஞ்சிருக்கா?"

பெத்தணன் கூழைக் குடிக்க மறந்தார்.

"கமலை மாதிரியில்ல இருக்கணும்" என்றாள் அவள். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும்; மாடுகள் பின்னால் நடந்து ஏறினால்தான் வெறுஞ்சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். "எறங்குன மாடு ஏறி வந்தாத்தான அடுத்த சாலு? நீங்க எறங்குற வழிய மட்டும் வெட்டி வச்சிருக்கீக."

"முன்விளக்குக்கும் ஒத்தக் கம்பிதான, அது எப்படி எரியுதாம்?"

"அது எனக்கென்ன தெரியும்? நீங்கதான ஓனரு."

அவர் வேனுக்கடியில் புகுந்தார். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பட்டையான கம்பி ஒன்று வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கப்பட்டிருந்தது. பேட்டரி ஆடாமல் இருக்கப் போட்ட கட்டு என்றுதான் வாங்கிய நாளிலிருந்து நினைத்திருந்தார். அது கட்டு அல்ல, மாடு ஏறி வருகிற வழி. முன்விளக்கு இரும்பில் உட்கார்ந்திருந்தது. ஆகவே இரும்பே அதற்குத் திரும்பும் பாதை. அவருடைய விளக்கோ ஆசாரி இழைத்த வேப்பம்பலகையில் உட்கார்ந்திருந்தது. மரத்துக்குள் எந்த மாடும் நடக்காது.

விளக்கிலிருந்து இரும்புக்கு இன்னொரு கம்பி இழுத்தார். எரிந்தது. ராமுத்தாய் அந்த வெளிச்சத்தில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இருக்கன்குடிக்கு ஜம்மென்று போனார்கள். ஆற்று மணலில், மாட்டு வண்டிகளுக்கு நடுவே வேன் நின்றது. ராமுத்தாய் பொங்கல் வைத்தாள். பெத்தணன் விளக்கைப் போட்டுச் சன்னலைத் திறந்துவைத்தார், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று. ராமுத்தாய் அசந்து தூங்கினாள். விளக்கை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. பெருமையாலா அன்பாலா என்று எனக்குத் தெரியாது, இரண்டும் கலந்திருக்கலாம்.

காலையில் வேன் முனகக்கூட இல்லை. கைப்பிடி போட்டுச் சுற்றினார், பலிக்கவில்லை. கூட்டம் கூடியது.

"ஆத்தாவுக்கு நேந்துவிட்ட வேனு போல. எந்திரிக்க மாட்டேங்குது" என்றது ஒரு குரல்.

"மொட்டை போட்டுப் பாருங்க, கெளம்பும்" என்றது இன்னொன்று.

குடும்பத்தோடு சாமி கும்பிட வந்திருந்த உக்கிரபாண்டி மாட்டு வண்டியிலிருந்து இறங்கித் துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை மறைக்க அவர் முயலவில்லை. "என்னலே, மாடு வேணுமா?"

பெத்தணன் தலையைக் குனிந்து, "வேணும்ணே" என்றார்.

"பேசுனது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

அப்போது ராமுத்தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உக்கிரபாண்டியின் முன்னால் வந்தாள். "அத்தான், ஒண்ணு கேக்கேன். ராமுழுக்கக் கமலை எறச்ச மாட்டை விடிஞ்சதும் ஏர்ல பூட்டுவீகளா?"

"எனக்கென்ன கிறுக்கா? படுத்துருமில்ல."

"படுத்துச்சுன்னா வித்துருவீகளா?"

"எதுக்கு விக்கணும்? அதுக்குத்தான ரெண்டு சோடி கட்டிக் கெடக்கு. ராத்திரிக்கு ஒரு சோடி, பகலுக்கு ஒரு சோடி."

"ரெண்டு சோடி" என்று திருப்பிச் சொன்னார் பெத்தணன். அவர் பார்வை பேட்டரிக்குப் போயிருந்தது.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உக்கிரபாண்டிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. தம்பி மனைவியை முறைத்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. "வாயப் பாரு இவளுக்கு" என்றார். தன் மாடுகளை அவரே அவிழ்த்துவந்து வேனில் பூட்டினார். மணலிலிருந்து கரைமேட்டுக்கு ஏற்றி, சரிவில் உருட்டிவிட்டதும் இருமிக்கொண்டு கிளம்பியது வேன். "இது கணக்குல சேராது. ஆத்தா சன்னதியில நடந்தது" என்று சுற்றி நின்றவர்கள் கேட்கச் சொன்னார். விற்கிற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

அந்த வாரமே இரண்டாவது பேட்டரி வந்தது. வண்டி ஓடும்போது இரண்டும் தீனி தின்னும். நிறுத்தியதும் ஒரு சுவிட்சைத் தள்ளினால் ஒன்று விளக்குக்கு, மற்றது இஞ்சினுக்கு. சீசன்தோறும் இருவரும் சேர்ந்தே போனார்கள். காரைக்குடி, கும்பகோணம், சேலம் என்று கடைக்காரர்கள் காலண்டரைப் பார்க்கும் முன் வேனைப் பார்த்தார்கள். சுவிட்சைத் தள்ள அவர் மறந்த ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் ராமுத்தாய் இறங்கித் தள்ளியிருக்கிறாள், ஏசிக்கொண்டே. மேதை என்று அவரை நான் சொல்லமாட்டேன். புரியாத ஒன்றைத் தனது என்று சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டார், அவ்வளவுதான். அது எல்லோரிடமும் இருப்பதில்லை.

1965இல் மரக்கூடு உளுத்துவிட்டதால் வேறு வேன் வாங்கினார்கள். இது உள்ளும் புறமும் இரும்பு. கம்பி வேலையை எல்லாம் பெத்தணன் தானே செய்தார். எந்த விளக்குக்கும் ஒரு கம்பிதான். திரும்பும் வழி இரும்பு என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். ராமுத்தாயின் தலைமாட்டு விளக்குக்கு மட்டும், அவள் அன்று சொன்ன ஏறி வருகிற வழியாக, இரண்டாவது கம்பி ஒன்றைப் பேட்டரி வரை முழு நீளத்துக்கு இழுத்தார்.

பலவேசம் இதற்குள் கரண்ட் சமாச்சாரமும் கற்றிருந்தார். "அண்ணாச்சி, இம்புட்டு இரும்பு இருக்கையில இது எதுக்கு?" என்று கேட்டார்.

பெத்தணன் கம்பியின் முனையை முறுக்கிக்கொண்டே, "அந்தக் குறடு கெடக்குல்ல, அத எடுங்க" என்றார்.