வேப்பமரத்தில் சிவப்புக் காளான்

அடையாறில் எங்கள் அடுக்கக வாசலில் நிற்கும் வேப்பமரத்தை வெட்டச் சொன்னது நான்தான். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான், வார்னிஷ் அடித்த மாதிரி கருஞ்சிவப்பாக மினுமினுத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதினேன்: "இது கானோடெர்மா. வேரை அழுகவைக்கும். மரம் சாய்வதற்குள் வெட்டிவிடுங்கள்." எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சனிக்கிழமை ஆள் வர ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை மீன் வாங்க இறங்கினேன். குப்பத்திலிருந்து வந்து அந்த மர நிழலில் கூடை வைக்கும் அக்கா, காளான்மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குங்குமம் வைத்தார்.

"இன்னாமா பாக்குற? அம்மன் மரத்துல தானா வந்துகீது. வெள்ளிக்கு வெள்ளி இப்டிதான் செய்வேன்."

நான் படத்தில் பார்த்த மினுமினுப்பு எண்ணெயுடையது. கருஞ்சிவப்பு குங்குமத்துடையது.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமாக்கா?"

"எடுத்துக்க. சாமி கோச்சுக்காது."

அவருடைய தண்ணீரிலேயே கழுவித் திருப்பிப் பார்த்தேன். கானோடெர்மா தடிமனாக, அடிப்புறம் வெளுப்பாக இருக்கும். இது மெல்லிசு, இருபுறமும் ஒரே செம்மஞ்சள். இதன் பெயர் பிக்னோபோரஸ். இரண்டும் பங்காளிகள்தான். ஆனால் அது உயிருள்ள மரத்தையே தின்னும், இது பட்ட கட்டையோடு நின்றுவிடும். போன புயலில் ஒடிந்த தாழ்ந்த கிளையின் முண்டில்தான் முளைத்திருந்தது. சுற்றியிருந்த அடிமரத்தைத் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

"நாளிக்கு வெட்ட வராங்களாம்மா. இந்த நெழலு பூட்ச்சினா நான் எங்க குந்துவேன்? வெயில்ல மீனு தாங்குமா? எவனோ படிச்சவன் சொன்னானாம்."

"அது நான்தான்க்கா."

சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் என்னையே பார்த்தார். "அப்போ நீயே வாணாம்னு சொல்லு."

அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: "நேரில் பார்க்காமல் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. மரம் நன்றாக இருக்கிறது. பட்ட முண்டில் முளைத்த காளானால் அதற்கு ஆபத்தில்லை." ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதில் போட்டார். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இனிமே எண்ணெ தடவாதீங்கக்கா," என்றேன்.

"நான் தடவுவேன். நீதான் மாடில குந்திக்கினு சொல்லாம கீழ எறங்கி வரணும்."