யார் என்று கேட்டேன்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் வார்டில், காலையில் பணி மாறும்போது எல்லோரும் ஒரு வெள்ளைப் பலகை முன் கூடுவோம். வார்டு மேலாளர் ஃபியோனா, "எனி நியர் மிஸ்?" என்று கேட்பாள். நிலக்கோட்டையில் படித்தவளுக்கு மிஸ் என்றால் டீச்சர்தான். சேர்ந்த புதிதில், பக்கத்து வார்டில் டீச்சர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து, "நோ மிஸ், ஒன்லி மிஸஸ்" என்று சொல்லிவிட்டேன். ஃபியோனா சிரிக்காமல் விளக்கினாள். நடக்க இருந்து, கடைசி நொடியில் நடக்காமல் போன தவறுக்குத்தான் அந்தப் பெயராம். அப்படி ஒன்றைச் சொல்பவருக்கு நன்றி சொல்கிறார்கள். ஏன் நடந்தது என்று கேட்கிறார்கள். சின்னதாக ஒரு மாற்றம் செய்து, சில வாரம் பார்த்து, சரிப்படாவிட்டால் வேறு மாதிரி மாற்றுகிறார்கள். குவாலிட்டி இம்ப்ரூவ்மென்ட் என்பது இதுதான். இதற்கு முடிவே கிடையாதாம். யார் செய்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள், என்ன ஒரு பண்பு என்று நினைப்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த நன்றியில் பாதி எனக்குத் திண்டுக்கல்லில் கிடைத்திருந்தால் நான் ஏன் இந்தக் குளிரில் வந்து நிற்கப் போகிறேன்?

அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். நர்சுகளுக்கெல்லாம் தலைவியை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். யாரோ பெரிய மனிதர்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று, மருந்து வண்டி பார்வையாக இருக்கட்டும் என அட்டைப் பெட்டிகளை எறியச் சொன்னார். மருந்து கரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல்களையும் பொட்டாசியம் ஆம்பியூல்களையும், அந்தச் சின்னக் குப்பிகளை, ஒரே தட்டில் கொட்ட வைத்தார். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். "தனித்தனியா வைக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "படிக்கத் தெரியும்ல? பாத்து எடு. எனக்குப் பாடம் நடத்தாத" என்றார்.

ஒரு நாள் ஆத்தூர்ப் பெரியவர் ஒருவருக்கு மருந்து கரைக்கத் தண்ணீர் என்று எடுத்ததை, உடைக்கும் முன் படித்தேன். பொட்டாசியம். அடுத்தவள் படிக்காமல் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் நானேதான் போய்ச் சொன்னேன். பெரிய சிஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெரியவரின் மகன்கள் முன் நிறுத்தினார். "இந்தப் பொண்ணுதான் ஒங்க அப்பாவுக்கு மருந்த மாத்திப் போடப் பாத்தது." கை கூப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றே வேலை போனது. அனுபவச் சான்றிதழும் தரவில்லை. போன இடமெல்லாம் அங்கே போன் போட்டு விசாரித்துவிட்டு, இடமில்லை என்றார்கள். கடைசியில் கோவையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புதியவளைப் போலத் தொடங்கி, அங்கிருந்து கடல் தாண்டினேன். ஃபியோனா "ஏன்" என்று கேட்கும் போதெல்லாம் என் மனது "யார்" என்றுதான் கேட்டது. பதிலும் அதற்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டில் கற்றதை எங்கள் நர்சுகளுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இருக்கிறதிலேயே நல்ல சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். "எம்புட்டு நாளாச்சு ஒன்னயப் பாத்து. நம்ம கைல வளந்த பிள்ள" என்று பெரிய சிஸ்டர் என் கன்னத்தைத் தொட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

முன்வரிசையில் அவரும், முதலாளியான பெரிய டாக்டரும். பின்னால் நர்சுகள். பெயர் சொல்லாமல் அந்தத் தட்டின் கதையைச் சொல்லி, ஏன் நடந்தது என்று கேட்டேன். "மருந்து எடுத்த நர்சுக்குக் கவனம் பத்தல மேடம்" என்றது ஒரு குரல். ரெண்டும் ஏன் ஒரே தட்டில் கிடந்தன என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவளைப் பேசவிட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொட்டச் சொன்னது யாரு? இவங்கதான். எடுத்துச் சொன்னதுக்கு வெளிய அனுப்பினது என்னயத்தான்."

டாக்டர் திரும்பினார். "அப்பிடியா சிஸ்டர்? மன்னிப்புக் கேளுங்க." பெரிய சிஸ்டர் எழுந்து கை கூப்பினார். மூட்டுவலியில் விரல்கள் வளைந்து, உள்ளங்கைகள் ஒட்டவில்லை. நான் அவசரப்படாமல் பார்த்தேன். இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு, "ஒங்க வார்டுல எதெல்லாம் தப்பா நடக்கப் பாத்துச்சு, சொல்லுங்க" என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. தூக்கியிருந்த அந்தக் கையும் இறங்கியிருந்தது. டாக்டர் சால்வை போர்த்தினார், கைதட்டினார்கள்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, கை தூக்கிய அந்தப் பெண் வேகமாக வந்தாள். "அக்கா, மேல வார்டுல இன்னும் ரெண்டும் ஒரே தட்டுலதான் கெடக்கு."

"வா, இப்பவே டாக்டர்ட்ட சொல்லுவோம்."

"நான் வரலக்கா. யாரு சொன்னதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நீங்க சொல்லிட்டு ஏரோப்பிளேன் ஏறிருவீங்க."

"ஒன் பேரச் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ப் பிள்ளைதானம்மா நான்."

அப்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து அவள் ஒரு கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. சீருடையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை, நான் படித்துவிடாதபடி, உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.